எழுதுகோலுக்கு விலை என்ன?

(படிப்பகத் திறப்பு விழாவொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



படிப்பகம் ஒன்றைத் திறந்து வைக்க அழைத்தீர்கள், வந்தேன். நான்கு சுவர், நீண்டதொரு மேசை, இரண்டு பெஞ்சு, சுவரிலே ஓர் ஆணி, அந்த ஆணியிலே தொங்குகின்ற ஏடுகள் — இவ்வளவுதான் இங்கே இருக்கிறது. மாளிகை கட்டினோர் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அந்த ஆணியிலே தொங்குகிறதே ஏடு, அதைக் கண்டு அஞ்சியவர்கள் உலகில் எத்தனை பேர் தெரியுமா? துப்பாக்கி ஏந்தியோர் அஞ்சியிருக்கிறார்கள்! தோட்டமும் துரவும் உடையோர் அஞ்சியிருக்கிறார்கள்! சட்டத்தையே சட்டைப்பையில் வைத்திருப்பதாக எண்ணியோர், எட்டுப் பக்க ஏட்டைக் கண்டு இரவு உறக்கம் இழந்திருக்கிறார்கள்!

பேரூர்களிலே இலட்சக்கணக்கில் அச்சாகும் பெரும் பத்திரிகைகளைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. சின்னஞ்சிறு ஊரொன்றிலே, வாரம் ஒருமுறை வெளிவந்த சின்னஞ்சிறு ஏட்டையும், அதை நடத்திய ஓர் அம்மையாரையும் பற்றியே பேச எண்ணுகிறேன். நம் நாட்டவரல்லர், நம் மொழி பேசியவருமல்லர். அமெரிக்க நாட்டின் தென்கோடியிலே, மிசிசிபி மாநிலத்திலே, பருத்திக் காடுகளுக்கு நடுவே வாழ்ந்தவர். ஹேசல் பிரான்னன் ஸ்மித் என்பது அவர் பெயர்.

எழுதுகோலுக்கு விலை என்ன என்று கேட்டால், கடைக்காரர் ஒரு விலை சொல்வார். ஹேசல் அம்மையார் கொடுத்த விலை வேறு. ஒவ்வொன்றாக அந்தக் கணக்கைச் சொல்கிறேன். கூட்டிப் பார்க்கும் வேலையை நீங்களே செய்யுங்கள்.

* * *

1914ஆம் ஆண்டு, அலபாமா மாநிலத்திலே, காட்ஸ்டன் நகரை ஒட்டிய சிற்றூரில் பிறந்தார். பள்ளிப்படிப்பு முடிந்தபோது வயது பதினாறு. கல்லூரிக்குப் போகுமுன் உள்ளூர் வார ஏடொன்றிலே வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் இல்லை. எழுதிய செய்தி அச்சிலே எத்தனை அங்குலம் வருகிறதோ, அந்த அளவுக்குக் காசு! அத்துடன் கடைகடையாக ஏறி இறங்கி விளம்பரம் சேர்த்தால் அதற்குத் தரகு. செய்தி எழுதுவதும் தெரிய வேண்டும், வணிகரிடம் பேசுவதும் தெரிய வேண்டும் என்ற பாடத்தை அந்தப் பெண் அங்கேதான் கற்றார். பிறகு அலபாமா பல்கலைக்கழகத்திலே இதழியல் பயின்று 1935இல் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற பெண் அந்நாளில் என்ன செய்வாள்? பேரூர்ப் பத்திரிகையிலே ‘மகளிர் பக்கம்’ என்று ஒரு மூலை ஒதுக்குவார்கள். மணவிழா, தேநீர் விருந்து, ஆடை அலங்காரம், அடுப்பங்கரைக் குறிப்பு — இவற்றை எழுது, இதற்குமேல் எட்டிப் பாராதே என்பார்கள். அந்த மூலையிலே சென்று உட்கார அவர் ஒப்பவில்லை. ஏடு வேண்டும், அது எனதாகவே இருக்க வேண்டும் என்றார்.

1936இல், இருபத்திரண்டு வயதில், மிசிசிபியின் ஹோம்ஸ் கவுண்டியிலே — கவுண்டி என்றால் நம் வழக்கில் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு — டூரண்ட் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். ‘டூரண்ட் நியூஸ்’ என்ற வார ஏட்டை மூவாயிரம் டாலர் கடன் பெற்று வாங்கினார். வெளியூர்ப் பெண், மணமாகாதவள், கையிலே கடன் — இவள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள் என்று ஊரார் விரல்விட்டு எண்ணியிருப்பார்கள். நான்கே ஆண்டுகளில் கடனை அடைத்தார். 1943இல், கவுண்டியின் தலைநகரான லெக்சிங்டனிலே நடந்துவந்த ‘லெக்சிங்டன் அட்வர்டைசர்’ என்ற ஏட்டையும் வாங்கினார்.

சிற்றூர் வார ஏடு எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அதை அறிந்தால்தான் பின்னால் வரப்போகும் போரின் நுட்பம் புரியும். ஆசிரியரே செய்தியாளர், அவரே கணக்கர், அவரே விளம்பரம் கேட்டு வீதியில் நடப்பவர். யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் வயலில் பருத்தி நன்றாக விளைந்தது, நகரசபை என்ன தீர்மானம் போட்டது, தேவாலயத்தில் யார் பேசினார் — இவை செய்திகள். வருவாய்க்கு வழி மூன்று: சந்தா, கடைக்காரர் விளம்பரம், அச்சகத்துக்கு வெளியிலிருந்து வரும் வேலை. மூன்றையும் தருபவர்கள் யார்? அதே ஊர்க்காரர்கள்! யாரைப் பற்றி எழுதுகிறாரோ, அவர்களிடமே காசு வாங்க வேண்டும். காலையில் யாரைக் கண்டித்து எழுதினாரோ, மாலையில் அவரைக் கடைவீதியில் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். பேரூர்ப் பத்திரிகையாளருக்கு இந்தச் சங்கடம் இல்லை. சிற்றூர் ஆசிரியரின் வீரத்தை அளக்க வேண்டுமானால், இந்தக் கோலால்தான் அளக்க வேண்டும்.

ஹேசல் அம்மையார் தம் ஏட்டிலே வாரந்தோறும் ஒரு பத்தி எழுதிவந்தார். அவர் பெயரான ‘ஹேசல்’ என்பது ஆங்கிலத்தில் பழுப்புநிறக் கண்ணையும் குறிக்கும் சொல். அதை வைத்தே, ஹேசல் கண்களின் வழியே என்று பொருள்படத் தம் பத்திக்குப் பெயரிட்டார். அந்தக் கண்கள் முதலில் கண்டவை கள்ளச் சாராயமும் சூதாட்டமும். சட்டப்படி மது விலக்கு நிலவிய மாநிலம் அது. ஆனால் அதிகாரிகளின் கண்ணெதிரே மது ஆறாக ஓடியது. எழுதினார். அதிகாரிகள் முகஞ்சுளித்தனர், ஊர்ப் பெரியோர் பாராட்டினர். அதுவரை தொல்லை அதிகமில்லை.

* * *

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புகழ்மாலை தொடுக்கும்போது வாடிய பூவை ஒளித்து வைப்பது என் வழக்கமல்ல.

ஹேசல் அம்மையார் பிறவியிலேயே புரட்சிக்காரர் அல்லர். வெள்ளையர் குடும்பத்திலே பிறந்து, வெள்ளையர் ஊரிலே வளர்ந்து, வெள்ளையர் எண்ணத்தையே எண்ணமாகக் கொண்டவர். ஹோம்ஸ் கவுண்டியிலே கறுப்பின மக்களே பெரும்பான்மையினர். உழுதவர்கள் அவர்கள், பருத்தி எடுத்தவர்கள் அவர்கள், ஆனால் வாக்குரிமை அவர்களுக்கு ஏட்டிலே இருந்தது, நாட்டிலே இல்லை. பள்ளி தனி, உணவகம் தனி, பேருந்திலே இருக்கை தனி. 1954ஆம் ஆண்டு மே மாதம், பள்ளிகளில் இப்படிப் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஹேசல் அம்மையார் அதை ஆர்ப்பரித்து வரவேற்கவில்லை. இரு இனமும் தனித்தனிப் பள்ளியில் பயில்வதே நல்லது என்றுதான் எழுதினார்.

“இப்படிப்பட்டவரையா எங்களுக்கு எடுத்துக்காட்டுகிறீர்?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தோழர்களே, பொறுத்திருந்து பாருங்கள். அவரிடம் ஒரே ஒரு கொள்கை இருந்தது: சட்டம் என்றால் அது எல்லோருக்கும் சட்டமாக இருக்க வேண்டும். அந்த ஒன்றை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். அது அவரை அவரே எதிர்பாராத இடத்துக்கெல்லாம் இழுத்துச் சென்றது.

முதல் இழுப்பு 1946இலேயே வந்தது. கறுப்பின மனிதர் ஒருவர், குதிரைச் சேணத்தைத் திருடினார் என்ற ஐயத்தின் பேரில் சாட்டையால் அடித்தே கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர்கள் மீது லெக்சிங்டனில் வழக்கு நடந்தது. நீதிமன்ற வளாகத்திலே, இறந்தவரின் மனைவியிடம் ஹேசல் அம்மையார் பேசினார். கணவனை இழந்தவளிடம் நடந்ததைக் கேட்டது ஒரு செய்தியாளர் செய்த குற்றமாம்! நீதிமன்ற அவமதிப்பு என்றார் நீதிபதி. ஐம்பது டாலர் அபராதம். பதினைந்து நாள் சிறை, அது நிறுத்தி வைக்கப்பட்டது. மாநிலத்தின் மேல் நீதிமன்றம் பின்னர் அந்தத் தண்டனையை நீக்கிவிட்டது. கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டோரோ விடுதலை பெற்றனர்! கேள்வி கேட்டவருக்குத் தண்டனை, கொலை வழக்கில் நின்றோர்க்கு விடுதலை — விந்தையாக இருக்கிறதல்லவா? அந்த நாளில், அந்த ஊரில், அது விந்தையே அல்ல.

எழுதுகோலுக்குக் கேட்கப்பட்ட விலையில் முதல் தவணை, ஐம்பது டாலர்.

* * *

இரண்டாம் தவணை 1954 ஜூலையில் வந்தது.

கவுண்டியின் காவல் தலைவரை அங்கே ஷெரிப் என்பார்கள். தேர்தலிலே வென்று வருபவர்; இடுப்பிலே துப்பாக்கி, கையிலே அதிகாரம். ஒரு சனிக்கிழமை இரவு, சாலையோரம் நின்றிருந்த கறுப்பின இளைஞர்களை நெருங்கினார் ஷெரிப். கூச்சலிட்டதாகச் சொல்லி, அவர்களில் ஒருவனை அடித்தார், ஓடு என்றார், ஓடியவன் காலிலே குண்டு பாய்ந்தது. அந்த இளைஞன் செய்த குற்றம் என்ன? ஏதுமில்லை.

இப்படிப்பட்ட செய்தி அந்தப் பக்கத்து ஏடுகளில் வருவதில்லை. வந்தாலும், கலகக்காரனைக் காவலர் அடக்கினார் என்றே வரும். ஹேசல் அம்மையார் நடந்ததை நடந்தபடி வெளியிட்டார். அடுத்த வாரம் தலையங்கமும் எழுதினார்: சட்டம் எல்லோருக்கும் உரியது, நிறம் பார்த்து அதை வளைப்பவர் அந்தப் பதவிக்குத் தகுதியற்றவர், ஷெரிப் பதவி விலக வேண்டும் என்று வற்புறுத்தினார்.

சிற்றூர் ஆசிரியை, ஊர்க் காவல் தலைவரைப் பார்த்துப் பதவியை விட்டு இறங்கு என்கிறார்! எண்ணிப் பாருங்கள் அந்தத் துணிவை! அவர் வீட்டிலே நள்ளிரவில் திருடன் புகுந்தால், அந்த ஷெரிப்பிடம்தான் முறையிட வேண்டும்!

ஷெரிப் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். கேட்ட தொகை 57,500 டாலர். வெள்ளையர் ஆதிக்கம் நிலவிய ஊரிலே, ஜூரர்கள் எப்படித் தீர்ப்பளிப்பர்? பத்தாயிரம் டாலர் கொடு என்றார்கள். அன்றைய கணக்கில் ஒரு சிற்றூர் ஏட்டையே விழுங்கிவிடக்கூடிய தொகை அது. அம்மையார் மேல்முறையீடு செய்தார். 1955 நவம்பரில் மிசிசிபி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. வெளியான செய்தி உண்மைக்கு ஒத்ததே என்று கண்டது. மிசிசிபி நீதிமன்றமே சொல்லிவிட்டது, அவர் எழுதியது உண்மையென்று! ஆனால் மேலே நீதிமன்றம் விடுவித்தது. கீழே ஊர் விடவில்லை.

* * *

அதே 1954இல், மிசிசிபியின் இண்டியனோலா என்ற ஊரிலே, ‘குடிமக்கள் மன்றம்’ என்ற பெயரில் ஓர் அமைப்பு முளைத்தது. பெயர் எவ்வளவு அழகு! உள்ளே இருந்ததோ, கறுப்பினத்தார் பள்ளிக்கும் வாக்குச் சாவடிக்கும் வராமல் தடுக்கும் திட்டம். முகமூடி அணிந்த கூட்டம் இரவிலே செய்ததை, இவர்கள் பகலிலே, கோட்டும் டையும் அணிந்து, மேசை போட்டுச் செய்தார்கள். ஆள் வங்கியில் கடன் வாங்கியிருந்தால், கடனைத் திருப்பிக் கேள். வேலையில் இருந்தால், வேலையை விட்டு நீக்கு. கடை வைத்திருந்தால், சரக்குப் போடாதே. இதுதான் முறை. மாதக்கணக்கில் மாநிலமெங்கும் பரவியது.

மற்ற ஏடுகள் பல இந்த மன்றத்தை வாழ்த்தின. வாழ்த்தாதவற்றில் பல வாய் மூடிக் கிடந்தன. ஹேசல் அம்மையார் எதிர்த்தார். ஊரை அச்சத்தில் ஆழ்த்தி நடத்துகிறீர்கள். வெள்ளையரும்கூட மனத்தில் பட்டதைப் பேச முடியாத நிலையை உண்டாக்கிவிட்டீர்கள் என்று எழுதினார். கவனியுங்கள், தோழர்களே! கறுப்பின மக்களைக் கட்ட முறுக்கிய கயிறு, வெள்ளையர் வாயையும் சேர்த்தே கட்டியது. ஒருவன் உரிமையைப் பறிக்கும் ஊரில் எவன் உரிமையும் மிஞ்சுவதில்லை என்பதை, பிரிவினையை ஆதரித்து எழுதிய அதே அம்மையார், பட்டுப் பட்டு உணரத் தொடங்கினார்.

மன்றத்தார் திருப்பி அடித்தனர். அம்மையாரின் கணவர் வால்ட்டர் ஸ்மித், கப்பலில் கணக்கு அதிகாரியாக இருந்தவர். கடற்பயணத்திலே கண்டு, 1950இல் மணந்துகொண்டனர். லெக்சிங்டனுக்கு வந்து கவுண்டி மருத்துவமனையின் நிர்வாகியாகப் பணியாற்றினார். அவர் எழுதியது ஒரு வரியும் இல்லை. பேசியது ஒரு மேடையிலும் இல்லை. 1956 ஜனவரியில் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். மனைவி எழுதுகிறாள், கணவன் பிழைப்பை இழக்கிறான்! மனைவியின் எழுதுகோலைப் பிடுங்கிப் போட்டிருந்தால் வேலை நிலைத்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. மனைவியோடு சேர்ந்து அச்சகத்துக்கு வந்தார். இதையும் நாம் பாராட்ட வேண்டும். வீட்டிலே துணை நிற்கும் ஆண்மையைப் பற்றி வீதியிலே யாரும் பேசுவதில்லை!

மூன்றாம் தவணை, வீட்டு வருமானம்.

* * *

நான்காவதுதான் கொடியது. ஏட்டைக் கொளுத்தவில்லை, தடை போடவில்லை. கொளுத்தினால் உலகம் கேட்கும். தடை போட்டால் நீதிமன்றம் கேட்கும். சத்தமின்றிச் சாகடிக்க ஒரு வழி உண்டு: விளம்பரத்தை நிறுத்து!

கடைக்காரரிடம் போய்ச் சொன்னார்கள். கடைக்காரரில் சிலர் மன்றத்தார். சிலர் மன்றத்தாருக்கு அஞ்சியோர். ஒவ்வொன்றாக விளம்பரங்கள் உதிர்ந்தன. அதுவும் போதாதென்று, ஐம்பதுகளின் இறுதியில், மன்றத்தின் ஆதரவாளர்கள் சேர்ந்து பங்கு திரட்டிப் போட்டியாகவே ஓர் ஏட்டைத் தொடங்கினர். சிற்றூரிலே ஒரு வார ஏடு பிழைப்பதே அரிது. அங்கே இரண்டாவது ஏடு எதற்கு? செய்தி கொடுக்கவா? இல்லை; இருப்பதன் உணவைப் பிடுங்குவதற்கு!

ஹேசல் அம்மையார் அடகு வைத்தார்; கடன் வாங்கினார்; தம் நிலத்து மரத்தை வெட்டி விற்றார். ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்று நண்பர்கள் சொல்லியிருக்கக்கூடும். போயிருந்தால் நல்ல சம்பளத்தில் பெரும் பத்திரிகையில் அமர்ந்திருக்கலாம். போகவில்லை. 1960இல் அவர் வீட்டு முன்னே சிலுவையை நட்டுக் கொளுத்தினார்கள். எரியும் சிலுவை என்றால், அந்த நாட்டிலே, உயிருக்கு எச்சரிக்கை என்று பொருள். அதற்கும் அசையவில்லை.

மாறாக, இன்னும் ஓரடி முன்னே வைத்தார். 1961 இறுதியில், மாநிலத் தலைநகரான ஜாக்சனிலே, கறுப்பின மக்களின் உரிமைக்காக ‘மிசிசிபி ஃப்ரீ பிரஸ்’ என்ற வார ஏடு பிறந்தது. அதை அச்சிட்டுத் தர யார் முன்வருவார்? ஹேசல் அம்மையாரின் அச்சுப்பொறி முன்வந்தது! மாநில அரசே ‘இறையாண்மை ஆணையம்’ என்றொரு துறையை வைத்து உரிமைப் போராளிகளை வேவு பார்த்துவந்தது. அதன் ஆட்கள் இந்த அம்மையாரையும் பின்தொடர்ந்தார்கள். யாரோடு பேசினார், எந்தக் கட்டிடத்துக்குப் போனார் என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். அந்தக் கோப்புகள் 1998இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. வேவு பார்த்தவர் வெட்கப்பட வேண்டிய ஏட்டிலே, வேவு பார்க்கப்பட்டவர் பெயர் விளங்குகிறது!

பிரிவினையை ஆதரித்து எழுதியவர், ஏழே ஆண்டில், உரிமைப் போராட்டத்தின் ஏட்டை அச்சிடுகிறார். நாம் நம் பக்கம் முழுதாக வராதவரை ஏசி விரட்டுகிறோம். “இவர் நேற்று அப்படிப் பேசியவர்தானே” என்கிறோம். நேற்றுப் பேசியதைக் குறித்து வையுங்கள்; வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால், இன்று எந்தப் பக்கம் நடக்கிறார் என்பதையும் பாருங்கள். நேர்மை உள்ளவரை நடக்க விடுங்கள். அவர் நம்மைத் தாண்டியும் போகக்கூடும்!

* * *

1963ஆம் ஆண்டு. ஹோம்ஸ் கவுண்டியிலே மைல்ஸ்டன் என்றொரு பகுதி. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் கூட்டாட்சி அரசின் திட்டமொன்றால் அங்கே கறுப்பின உழவர்கள் சொந்த நிலம் பெற்றிருந்தார்கள். சொந்தக் காணி இருந்தால் முதுகெலும்பும் நிமிரும்! ஏப்ரல் 9ஆம் நாள், பதினான்கு பேர் லெக்சிங்டன் நீதிமன்றத்துக்கு வாக்காளராகப் பதிந்துகொள்ளச் சென்றார்கள். அரசியல் சட்டத்தின் பிரிவொன்றைக் கொடுத்து, இதற்கு விளக்கம் எழுது என்பார் பதிவாளர். விளக்கம் சரியா, தவறா என்று முடிவு செய்பவரும் அவரே! அந்தக் கூட்டத்தில் முன்னே நின்றவர் ஹார்ட்மன் டர்ன்போ என்ற உழவர்.

ஒரு மாதம் கழிந்தது. மே மாதத்து இரவொன்றில் டர்ன்போவின் வீட்டிலே தீக்குண்டு வீசப்பட்டது. மனைவியும் மகளும் உள்ளே. துப்பாக்கியை எடுத்து வந்தவர்களை விரட்டினார் அந்த உழவர். மறுநாள் யாரைக் கைது செய்தார்கள் தெரியுமா? டர்ன்போவையே! தன் வீட்டுக்குத் தானே தீ வைத்துக்கொண்டாராம்! அவருக்குத் துணை நின்ற இளைஞர்களையும் பிடித்தார்கள்.

ஹேசல் அம்மையார் எழுதினார்: குண்டு வீச்சுக்கு ஆளானவனையே கைது செய்வது ஊருக்குச் செய்யும் பெருந்தீங்கு, சட்டத்தைக் காக்க வேண்டியவர்கள், எல்லோருக்கும் அதைக் காக்கத் தவறினார்கள் என்று கண்டித்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஷெரிப்பைப் பார்த்துச் சொன்ன அதே சொல்! அவர் புதிய கொள்கை எதையும் தேடிப் போகவில்லை, பழைய கொள்கையை முழுதும் நம்பினார், அவ்வளவே.

அடுத்த ஆண்டு, 1964இல், அமெரிக்க இதழியலின் உயர்ந்த விருதான புலிட்சர் பரிசு, தலையங்கத்துக்காக அவருக்கு வழங்கப்பட்டது. அந்தப் பிரிவில் அதைப் பெற்ற முதல் பெண் அவரே! நியூயார்க்கின் பெரும் பத்திரிகையில் இருந்தவர் அல்லர். சிற்றூரின் வார ஏட்டுக்காரர். மகளிர் பக்கத்து மூலையை மறுத்து வந்த பெண், தலையங்கப் பக்கத்தின் தலைவாயிலில் நின்றார்.

ஊர் மாலை சூட்டியதா? அதே ஆண்டு ஆகஸ்டில், ஜாக்சனிலே அவர் நடத்திவந்த இன்னொரு சிறிய ஏட்டின் அலுவலகத்தில் குண்டு வெடித்தது. அரசியல் மாநாட்டுச் செய்தி சேகரிக்க அவர் வெளியூர் போயிருந்தார். ஏடு மட்டும் நிற்கவில்லை.

* * *

கதை இங்கே முடிந்திருந்தால் இனிப்பாக இருக்கும். தீமை தோற்றது, நன்மை வென்றது என்று கைதட்டிக் கலையலாம். ஆனால் மீதிக் கணக்கைச் சொல்லாமல் விட்டால், நான் உங்களை ஏமாற்றியவனாவேன்.

வெற்றி வந்தது உண்மை. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1967இல், அதே ஹோம்ஸ் கவுண்டியிலிருந்து, ராபர்ட் கிளார்க் என்ற கறுப்பின ஆசிரியர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இருபதாம் நூற்றாண்டில் மிசிசிபிச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர்! பதினான்கு பேர் தயங்கித் தயங்கி ஏறிய படிக்கட்டிலே, நான்காண்டுக்குப் பின் ஆயிரம் ஆயிரம் பேர் ஏறினார்கள்.

ஆனால் போன விளம்பரங்கள் திரும்பவில்லை. கடனுக்கு வட்டி நின்றதா? வட்டிக்கு நீதி தெரியுமா, நேர்மை தெரியுமா! நாடெங்கும் உள்ள இதழாளர்கள் சிலர் நிதி திரட்டித் தந்தார்கள். ஹோம்ஸ் கவுண்டியின் கறுப்பின மக்கள், இல்லாமையிலும் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். பருத்தி எடுத்த கை கொடுத்த காசு! பரிசுக் குழு தந்த பணத்தைவிடப் பெரிது என்பேன். எனினும் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீர் எத்தனை நாள் நிற்கும்? 1982இல் கணவர் மறைந்தார். 1985இல், நாற்பத்திரண்டு ஆண்டு நடத்திய ‘லெக்சிங்டன் அட்வர்டைசர்’ நின்றது. அம்மையார் நொடித்துப் போனதாக அறிவிக்க நேர்ந்தது. ஆசை ஆசையாகக் கட்டிய வீடும் கடனுக்குப் போயிற்று. நினைவாற்றல் மங்கிய நிலையில் உறவினர் ஊருக்குத் திரும்பினார். 1994 மே மாதம், டென்னசி மாநிலத்தில் முதியோர் மனையொன்றில் கண் மூடினார். அதற்குச் சில வாரம் முன்புதான் அவர் வாழ்க்கையைத் தொலைக்காட்சிப் படமாக எடுத்து நாடெங்கும் காட்டினார்கள். படத்துக்குப் பணம் இருந்தது; ஏட்டுக்குத்தான் இருந்ததில்லை!

அவரை வீழ்த்த எழுந்த போட்டி ஏடோ, அவர் ஏடு நின்ற பின்பும் நடந்தது.

கூட்டிப் பாருங்கள் இப்போது. அபராதம், வழக்கு, கணவர் வேலை, விளம்பரம், வெடிகுண்டு, கடைசியில் வீடு. இதுதான் அந்த எழுதுகோலின் விலை. விலைக்கு வாங்கத் துடித்தோர் பலர். விற்க மறுத்தவர் ஒருவர்.

* * *

இதை ஏன் படிப்பகத் திறப்பு விழாவிலே சொல்கிறேன்?

ஹேசல் அம்மையாரின் ஏட்டை ஷெரிப் கொல்லவில்லை, ஜூரர்கள் கொல்லவில்லை, வெடிகுண்டும் கொல்லவில்லை. அவற்றையெல்லாம் தாங்கி நின்றது அந்த ஏடு. அதைக் கொன்றது, ‘நமக்கேன் வம்பு’ என்று விளம்பரத்தை நிறுத்திய நல்ல மனிதர்களின் அமைதி! அவர்களில் பலர் தனிமையிலே அவரைப் பாராட்டியிருப்பார்கள். “நீங்கள் எழுதியது சரிதான் அம்மா” என்று கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருப்பார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் சொல்லும் பாராட்டு, அச்சு மைக்கு ஆகுமா? காகிதத்துக்கு ஆகுமா? அச்சுக் கோப்பவர் கூலிக்கு ஆகுமா?

அஞ்சாத ஆசிரியர் வேண்டும் என்கிறோம், வேண்டியதுதான். ஆனால் அஞ்சாத சந்தாதாரரும் வேண்டும், தோழர்களே! அஞ்சாத விளம்பரதாரர் வேண்டும். இந்த ஏட்டை நான் வாங்குகிறேன் என்று வெளிச்சத்திலே நின்று சொல்லும் வாசகர் வேண்டும். வீரத்தை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, நாம் கைதட்டும் வேலையை மட்டும் வைத்துக்கொள்வது நியாயமாகாது. பத்துப் பேர் ஆளுக்குக் கொஞ்சம் சுமந்திருந்தால், அந்த அம்மையார் வீட்டை இழந்திருக்கமாட்டார்.

உங்கள் ஊரிலும், அடுத்த ஊரிலும், நகரசபைக் கணக்கைக் கேட்டு எழுதும் சிற்றேட்டுக்காரர் இருப்பார். அவருடைய தமிழில் பிழை இருக்கலாம். அச்சிலே அழகு குறைந்திருக்கலாம். நம் கருத்தோடு எல்லா இடத்திலும் அவர் ஒத்துவராமலும் இருக்கலாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறாரா? எளியவனுக்கு இழைத்த தீங்கை வலியவன் முன்னிலையில் சொல்கிறாரா? அதைப் பாருங்கள். ஆமெனில், அவருக்குச் சந்தா செலுத்துங்கள். பெண்ணொருத்தி அந்தப் பணிக்கு வந்தால், மூலையிலே உட்கார வைக்காதீர்கள். முதல் பக்கத்தைக் கொடுங்கள்.

இந்த ஆணியிலே நாளை காலை ஏடுகள் தொங்கும். ஒரு நாள் ஓர் ஏடு வராமற்போனால், ஏன் வரவில்லை என்று கேளுங்கள். அதைக் கேட்பதற்காகத்தான் இந்தப் படிப்பகம்.

திறந்து வைத்தேன். இனி இதை மூடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.